ஓரம் உடைந்த செல்

வெங்கடகிருஷ்ணன் சாரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த நாள்முதல் எனக்கு ஒரே வேண்டுதல்தான்: அந்த மனுஷர் என் டப்பாவைத் தொடாமல் இருக்க வேண்டும்.

சூரிய செல்லை லேசர் எப்படிக் கெடுக்கிறது என்பது என் ஆராய்ச்சி. வருஷக்கணக்காக வெயிலைத் தாங்கும் செல், லேசரை ஊசிமுனை அளவு இடத்தில் குவித்து அடித்தால் தாங்காது. சிலிக்கன் உருகிக் குழி விழும். குழி என்னவோ சின்னதுதான். ஆனால் அதன் வழியே மின்சாரம் உள்ளுக்குள்ளேயே ஒழுகிப்போய், செல் செத்துவிடும். எவ்வளவு அடிவரை தாங்கும் என்ற கிராஃபில் கடைசிப் புள்ளி மட்டும் பாக்கி. கையில் மூன்று செல்கள் மிச்சம். யுனிவர்சிட்டி கொடுத்த கெடு அந்த மாதத்தோடு முடிகிறது. அதற்குள் தீசிஸ் கொடுக்காவிட்டால் இத்தனை வருஷ உழைப்பும் கோவிந்தா.

மூன்றையும் நானே கழுவி, தூசி படாமல் டப்பாவில் மூடிவிட்டுத்தான் சரஸ்வதி பூஜை லீவுக்குக் கரமனை வீட்டுக்குப் போனேன். விஜயதசமி நல்ல நாள், தொடங்கு என்றார் சார். தொடங்கினேன். பாதி சக்திகூட வைக்கவில்லை, முதல் அடியிலேயே செல் செத்தது. இன்னொன்றை வைத்தேன். அதுவும் அப்படியே.

"நீ லென்ஸைச் சரியா வெக்கலையாக்கும்," என்றார் சார்.

"நன்னாப் பாத்துத்தான் வெச்சேன், சார்."

"பின்னே செல் தானாச் சாகுமோ, ஸ்ரீலக்ஷ்மி? கவனம் போராது, கேட்டியா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, செத்த செல்லை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். குழியைச் சுற்றி மஞ்சளாகக் கறை. கறையில் அழகாக ஒரு விரல் ரேகை.

"சார், செல்லுல சந்தனம் வெச்சேளா?"

"ஒரு பொட்டுதானே. லேசருக்கு வெச்சேன், கம்ப்யூட்டருக்கு வெச்சேன். உன் வேலை நல்லபடியா முடியணுமேன்னு இதுக்கும் வெச்சேன். அப்பறம் கர்சீப்பால தொடைச்சுட்டேனே."

"தொடைச்சாப் போயிடுமா, சார்? கறை இருக்கற எடத்துல சூடு ஜாஸ்தி ஏறும். அதான் பாதி அடிக்கே செத்துப்போச்சு. அதுவும் சரியா நடுவுல வெச்சிருக்கேள்."

"பொட்டை நடுவுலதானே வெப்பா?"

கறை படிந்த பரப்பு லேசரைத் தாங்காது என்று எனக்குப் பாடம் எடுத்ததே இவர்தான். இவரிடம் நான் என்னத்தைச் சொல்ல? அழுகைதான் வந்தது.

மூன்றாவதை எடுக்கவே பயமாக இருந்தது. மைக்ராஸ்கோப்பில் அங்குலம் அங்குலமாகத் தேடினேன். சொட்டுக் கறை இல்லை.

"இதுக்கு மட்டும் ஏன் வெக்கலை?"

"அது ஓரத்துல ஒடைஞ்சிருந்துது. ஒடைஞ்சதைப் பூஜைல வெக்கலாமோ? தனியா எடுத்து வெச்சுட்டேன்."

ஓரம் உடைந்தால் எனக்கென்ன? லேசர் நடுவில்தான் விழும். சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். மற்ற இரண்டும் செத்த இடத்தை அது சாதாரணமாகத் தாண்டியது. கணக்குப் போட்டு வைத்திருந்த இடத்துக்கு வந்த பிறகுதான் செல்லின் மின்சாரத்தைக் காட்டும் மீட்டர் முள் சரிந்தது. என் கடைசிப் புள்ளி கிடைத்துவிட்டது.

அதுவரை பக்கத்திலேயே நின்றிருந்த சார், லேப் பூஜை அலமாரியிலிருந்து சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். பழக்கதோஷத்தில் நான் காலி டப்பாவைச் சட்டென்று மூடி இடுப்போடு அணைத்துக்கொண்டேன்.

"இங்க வையுங்கோ, சார்," என்று நெற்றியைக் காட்டினேன்.

சந்தனத்தைத் தொட்ட விரல் பாதியில் நின்றது.

"நடுவுல வெக்கலாமோ?" என்று கேட்டார்.