பெட்டி இல்லாத சத்தம்

பொய் சொல்றவன் கொஞ்சமாவது யோசிச்சு சொல்லணும். சேது யோசிக்கவே இல்ல. என் வீட்டு வாசல்ல சிலிப்பரக்கூடக் கழட்டாம நின்னுகிட்டு, "அக்கா, ஈஜோக் கோயில் திருவிழாவுக்கு வேன்ல எடம் இல்ல. உங்க பெட்டி ரொம்பப் பெருசு. இந்தத் தடவ முகுந்தன் வாசிக்கட்டும்"னான்.

சேதுதான் எங்க இசைக்குழுவுக்குத் தலைவன். முகுந்தன் அவன் பொண்டாட்டியோட தம்பி. நான் விமலா. புக்கிட் செந்தோசாவுல வீடு, வயசு நாப்பத்தாறு, வேலை செரண்டாவுல ஒரு பேக்டரியில, பவர் சப்ளை டெஸ்ட் பண்றது. பதினாலு வருஷமா அந்தக் குழுவுல லீட் கிட்டார் நான்தான். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழான்னு எத்தனை மேடை. ஒரு மேடைக்குக்கூட நான் லேட்டா போனதில்ல. சேது போயிருக்கான்.

"பதினாலு வருஷமா எடம் இருந்துச்சே, இப்ப என்னா, வேன் சுருங்கிப் போச்சா?"

"அதில்லக்கா. பையனுங்களுக்கு இடுப்பு வலி. யாரு தூக்கறது? பொம்பள உங்களால தூக்க முடியுமா, சொல்லுங்க."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிருச்சு. இவன் ஆளு ரெண்டு பேர் வராத அன்னிக்கெல்லாம் அந்தப் பெட்டிய ஒரு பக்கம் புடிச்சு வேன்ல ஏத்துனது யாரு? நான்தான், பட்டுப் பொடவையோட.

பெட்டின்னா என்னான்னு சொல்லிடறேன். என்னோடது பழைய வால்வு அம்ப்ளிபயர். ரவாங்ல ஒரு ஓட்டல் பாருல கெடந்ததை வாங்குனது. ரெண்டு துண்டு. மேல வால்வெல்லாம் இருக்கறத மண்டைன்னு சொல்லுவோம். கீழ நாலு ஸ்பீக்கர் வச்ச மரப்பெட்டி, என் இடுப்பு உயரம். சுவிட்சத் தட்டினா வால்வெல்லாம் மெதுவா செவக்கும், ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் வாயத் தொறக்கும். தொறந்துச்சுன்னா, அப்பா! அந்தச் சத்தத்துக்காகத்தான் என்னைக் கூப்புடறாங்கன்னு எனக்குத் தெரியும். நான் அழகா இருக்கேன்னா கூப்புடறாங்க?

"சரி, பெட்டிதான் பிரச்சனையா?"ன்னேன்.

"ஆமாக்கா, பெட்டி மட்டுந்தான். பெட்டி இல்லாம அந்தச் சத்தம் வந்தா தாராளமா வாங்க. நான் வேணாம்னா சொல்லப் போறேன்?"

வராதுங்கற தைரியம் அவனுக்கு. என் வீட்டுக்காரர் செல்வா பக்கத்துலதான் நின்னாரு. "கேட்டுக்கிட்டீங்கல்ல?"ன்னு அவரப் பார்த்தேன். "கேட்டேன்"னாரு. "சேது, இன்னும் பத்து நாள் இருக்கு. பெட்டி இல்லாம வரேன். பேச்சு மாறக்கூடாது லா." அவன் சிரிச்சுகிட்டே போனான்.

அவன் போனதும் செல்வா, "இதுக்கு ஏன் பத்து நாளு? பெட்டிக்குப் போற கேபிளக் கழட்டிட்டு மண்டைய மட்டும் கொண்டு போ"ன்னாரு.

"அடப்பாவி மனுஷா! அன்னிக்கு முகுந்தன் பண்ண வேலைய நீங்களும் பண்ணச் சொல்றீங்களா?"

முகுந்தன் பண்ணது இதுதான். ரெண்டு வருஷத்துக்கு முன்ன, இதே ஈஜோக் கோயில், பாட்டு நடுவுல ஆலயத் தலைவர் ரெங்கசாமி பேச எழுந்துட்டாரு. தலைவர் பேசினா மத்த எல்லாம் அடங்கணும், அது அங்க சட்டம். வீட்டுல கரோக்கே செட்டுக்கு ஸ்பீக்கர் ஒயர உருவி வாய அடைப்பாங்கல்ல, அதே பழக்கத்துல முகுந்தன் ஓடி வந்து என் பெட்டி ஒயர உருவிட்டான். நான் கிட்டாரக் கழட்டி வைக்கக் குனிஞ்சேன், கை கம்பியில இடிச்சிருச்சு. வால்வு அம்ப்ளிபயர் தள்ளற சக்திய வாங்கிக்க எதிர்ல ஏதாவது இருக்கணும். இல்லன்னா அது உள்ளுக்குள்ளயே வெடிக்கும். டிரான்ஸ்பார்மர் கருகி, மேடையெல்லாம் நாத்தம். தலைவர் சாம்பிராணின்னு நெனச்சுகிட்டு பேசிகிட்டே இருந்தாரு. புது டிரான்ஸ்பார்மர் செஞ்சு வாங்க நாலு மாசம் ஆச்சு. முகுந்தன் ஒரு வார்த்த, "சாரிக்கா"ன்னு சொல்லல. சேதுவும் கேக்கல.

அதனால மொத வேலை, பெட்டி இல்லாமலே பெட்டி இருக்கற மாதிரி மண்டைய நம்ப வைக்கறது. அதுக்கு வழி எனக்கு பேக்டரியிலயே இருந்துச்சு. நாங்க பவர் சப்ளைய டெஸ்ட் பண்ண அலுமினியச் சட்ட போட்ட பெரிய ரெசிஸ்டர் வச்சிருப்போம். எவ்ளோ சக்தி குடுத்தாலும் வாங்கிச் சூடா மாத்திரும், ஒரு சத்தம் வராது. ஓரத்துல அடிபட்டதுன்னு ஒதுக்கி வச்சதை சூப்பர்வைசர்கிட்ட கையெழுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டாந்தேன். பதினஞ்சு வருஷ வேலையில அந்த பேக்டரியிலேர்ந்து நான் கேட்டு வாங்குன ஒரே சாமான் அதுதான்.

மண்டைக்கும் ரெசிஸ்டருக்கும் கேபிளப் போட்டேன். நடுவுலேர்ந்து துளியூண்டு சிக்னல மட்டும் பிரிச்செடுத்து லேப்டாப்புக்கு விட்டேன். லேப்டாப் ஒரு சோதனைச் சத்தத்த மண்டைக்குள்ள அனுப்பும், என்னவா திரும்பி வருதுன்னு கேக்கும். மெதுவாத் தொட்டா எப்படிப் பேசுது, ஓங்கி அடிச்சா எப்படிக் கத்துதுன்னு ஒண்ணொண்ணா பாடம் பண்ணிக்கும். மூணு மணி நேரம். வீட்டுல ஒரு சத்தம் இல்ல. வால்வு மட்டும் செவந்து நிக்குது, ரெசிஸ்டர் கொதிக்குது. செல்வா போற போக்குல ஈரக் காலுறையத் தூக்கி அது மேல காயப் போட்டாரு. அதுக்கு வாங்கினாரு என்கிட்ட.

பாடம் முடிஞ்சுது. அது ஒரு பைலா வந்துச்சு. அத, கிட்டார் சத்தத்த மாத்தற, சாப்பாட்டு டப்பா அளவு இருக்கற பெடல்ல ஏத்தி, ஹெட்போன மாட்டி, கம்பியெல்லாம் சேத்து ஒரு கார்டு அடிச்சேன்.

ஐயோ. தகரத்துல ஆணியப் போட்டு இழுத்த மாதிரி இருந்துச்சு. கொசுக் கூட்டம் காதுக்குள்ள பூந்த மாதிரி. திரும்ப அடிச்சேன், அதே கண்றாவி. ஹெட்போனக் கழட்டி வச்சிட்டு அடுப்படியில போய் உக்காந்துட்டேன். அழுதேன், ஏன் மறைக்கணும். சேது ஜெயிச்சுட்டான்னு நெனச்சேன். அதவிட, அவன் சொன்னது நெசமோன்னு ஒரு பயம். எனக்கு வயசாயிருச்சோ, நான் வீம்புக்கு நிக்கறேனோன்னு.

அடுப்படி மூலையில அந்த மரப்பெட்டி நின்னுச்சு, மேல வெங்காயக் கூடை. அதையே பார்த்துகிட்டு இருந்தப்பத்தான் பொறி தட்டுச்சு. என் சத்தத்துல பாதி இந்தப் பெட்டியோடதுல்ல? மண்டை கத்தறதை எல்லாம் இது அப்படியே வெளிய விடாது. கூர்மையா இருக்கறத முழுங்கிட்டு, நெஞ்சுல வந்து இடிக்கறத மட்டும் அனுப்பும். மண்டைய மட்டும் பாடம் பண்ணிட்டு பெட்டிய விட்டுட்டா வேற என்னா வரும்?

பெட்டியத் தூக்கிட்டுப் போகத்தான் முடியாது. அதோட ரேகைய எடுக்கலாமே, ஐசி, அதான் அடையாள அட்டை, எடுக்கறப்ப பெருவிரல அழுத்தி எடுக்கற மாதிரி.

ஞாயித்துக்கிழம மத்தியானம் பக்கத்து வீட்டு இராஜம்மா அக்காகிட்ட கரோக்கே அம்ப்ளிபயர இரவல் கேட்டேன். "என்னா விமலா, பார்ட்டியா?"ன்னாங்க. "இல்லக்கா, ஒருத்தன் வாய அடைக்கணும்." "அப்டின்னா மைக்கும் சேத்துக் கொண்டு போ"ன்னாங்க. பெட்டி முன்னால மைக்க வச்சு, அடி ஆழத்துலேர்ந்து உச்சி வரைக்கும் ஏறிப் போற ஒரு சத்தத்த கரோக்கே அம்ப்ளிபயர் மூலமா பெட்டிக்குள்ள விட்டேன். ஊஊஊன்னு ஆரம்பிச்சு ஈஈஈன்னு முடியும், பத்து செகண்டு. தெரு நாயெல்லாம் சேந்து ஊளையிட்டுச்சு. இராஜம்மா அக்கா வேலிக்கு மேல எட்டிப் பார்த்து, "ஆம்புலன்ஸ் வந்துருக்கா?"ன்னாங்க. மைக்க அங்க வச்சு, இங்க வச்சு, இருவது தடவ எடுத்தேன். லேப்டாப் கணக்குப் பண்ணி அந்தப் பெட்டியோட ரேகைய இன்னொரு பைலாக் குடுத்துச்சு. மண்டை ஒரு பைல், பெட்டி ஒரு பைல். ரெண்டையும் பெடல்ல ஒண்ணு பின்னால ஒண்ணா ஏத்தினேன்.

கார்டு அடிச்சேன். என் சத்தம். அப்படியே என் சத்தம்! செல்வா காதுல ஹெட்போன மாட்டி விட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாரு, பெட்டியிலேர்ந்துதான் வருதான்னு.

திருவிழா அன்னிக்கு சாயங்காலம் நாலு மணி. செல்வா மோட்டார் சைக்கிள்ல என்னை ஈஜோக்குக்குக் கொண்டு போய் விட்டாரு. முதுகுல கிட்டார், தோள்ல ஒரு துணிப்பை. அவ்ளோதான். மேடைக்குப் பின்னால செம்பனைத் தோட்டம், முன்னால நாற்காலி போட்டுகிட்டு இருந்தாங்க. சேது என்னைப் பார்த்ததும் பெட்டிய எந்த வேன்ல கொண்டாந்தேன்னு தேடினான். "பெட்டி எங்கக்கா?"

"வேணாம்னியே. வெங்காயம் வச்சிருக்கேன் அது மேல."

பெடல எடுத்து சவுண்ட் சிஸ்டத்துல மாட்டினேன். ஒரு கார்டு. அது மைதானத்தத் தாண்டி தோட்டம் வரைக்கும் போச்சு. நாற்காலி போட்ட பையன் நிமிந்து பார்த்தான். எங்க டிரம்மர் குச்சியத் தூக்கி, "அடோய், அக்கா வந்தாச்சு!"ன்னு கத்தினான்.

சேது ஓடி வந்தான். மூஞ்சியெல்லாம் பல்லு. "பிரமாதம்கா! அதே சத்தம்! இனிமே கஷ்டமே இல்ல. அந்த பைல முகுந்தனுக்கு ஏத்திக் குடுத்துருங்க. அவன்கிட்டயும் இதே பெடல்தான். சத்தம் இருக்கு, அவனே வாசிச்சிருவான். நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுங்க."

பெட்டி மட்டுந்தான் பிரச்சனைன்னு சொன்ன வாய் இது. எனக்குக் கோவம்கூட ஒடனே வரல. பதினாலு வருஷம் இவனுங்களுக்கு நான் ஒரு அம்ப்ளிபயருக்கு ஒயரு, அவ்ளோதான்.

"உனக்கு என்னா வேணும், தெளிவாச் சொல்லு."

"உங்க அம்ப்ளிபயர் சத்தம்கா."

"பெட்டி?"

"ஐயோ, பெட்டி வேணாம்னு எத்தன தடவ சொல்றது!"

"நல்லா கேட்டுக்க. மண்டை வேற, பெட்டி வேற. நான் இப்பக் குடுக்கறது மண்டை மட்டுந்தான்."

"அது போதும்கா, அது போதும். குடுங்க."

குடுத்தேன். லேப்டாப்பத் தொறந்து, மண்டை பைல மட்டும் முகுந்தனோட பெடல்ல என் கையாலயே ஏத்திக் குடுத்தேன். முகுந்தன் என் எடத்துல போய் நின்னான். கால அகட்டி, கைய ஓங்கி ஒரு அடி.

தகரம் கிழிஞ்சுது. கோயில் உள்ள மாலை கட்டிகிட்டு இருந்த பொம்பளைங்க காதப் பொத்திகிட்டு வெளிய வந்தாங்க. முகுந்தன் பட்டனெல்லாம் திருகினான். திருகத் திருக இன்னும் கேவலமாச்சு. ரெங்கசாமி தலைவர் வேட்டிய மடிச்சுக் கட்டிகிட்டு மேடைக்கே வந்துட்டாரு. "என்னாப்பா, சாமி பொறப்பட்ற நேரத்துல புல்லு வெட்ற மிஷின ஓட்டறீங்க?"

சேது வேர்த்து ஒழுக என்கிட்ட வந்தான். "அக்கா, மிச்சத்தக் குடுங்க. தலைவர் பாக்கறாரு."

"மிச்சம்தான் பெட்டி. நீதான வேணாம்னே?"

"தெரியாமச் சொல்லிட்டேன்கா."

"தெரிஞ்சுதான் சொன்னே. பெட்டிய நெனச்சு இல்ல, என்னை நெனச்சு சொன்னே. வேன்ல எடம் இல்லாதது அதுக்கு இல்ல, எனக்கு. அத நேரா சொல்லியிருந்தா நான் நேரா சண்ட போட்டிருப்பேன். இடுப்பு வலிங்கறான்! கேளு சேது. மண்டையும் நான் எடுத்தது, பெட்டியும் நான் எடுத்தது. ரெண்டும் என் பெடல்ல இருக்கு. நான் வந்தா அது வரும், நான் போனா அதுவும் போவும்."

தலைவர் குறுக்க வந்து கேட்டாரு, "இப்ப யாரு வாசிக்கப் போறா?"

முகுந்தன் தன் பெடல உருவிகிட்டு தள்ளி நின்னான். தலையக் குனிஞ்சுகிட்டு, "அக்காதான்"னான். அப்புறம் என்னப் பார்க்காமலே, "அன்னிக்கு ஒயர உருவுனதுக்கு சாரிக்கா"ன்னான். ரெண்டு வருஷம் கழிச்சு வந்துச்சு, பரவால்ல. "ரிதம் வாசி, வா. பெடல் வேணாம், சும்மா நேரா மாட்டு"ன்னேன்.

அன்னிக்கு நான் வாசிச்சது மாதிரி எந்தக் காலத்துலயும் வாசிச்சதில்ல. பேச எழுந்த தலைவர்கூட திரும்ப உக்காந்து, "அந்தப் பாட்ட முடிச்சிரு"ன்னாரு. ஈஜோக்ல அது இதுவரைக்கும் நடக்காத விஷயம்.

எல்லாம் முடிஞ்சு சாமான் ஏத்தறப்ப சேது பவ்வியமா பக்கத்துல வந்து, "குடுங்கக்கா, பைய நான் தூக்கறேன்"னு கைய நீட்டினான்.

"ஒண்ணும் வேணாம். இடுப்பு வலிக்கப் போவுது உனக்கு"ன்னேன்.

செல்வாவுக்குப் போனப் போட்டு, கூப்பிட வர வேணாம், வேன்லயே வரேன்னு சொன்னேன். வேனுக்குள்ள பின் சீட்டுக்கு முன்னால, பதினாலு வருஷமா என் பெட்டி நின்ன எடம் காலியா கெடந்துச்சு. டிரம்மர் அவன் சாமானத் தூக்கி அங்க வைக்கப் போனான்.

"எடு அத"ன்னேன். பைய மடியில வச்சுகிட்டு, கால நல்லா நீட்டி உக்காந்துகிட்டேன்.