கறுப்புத் தகடு

உலகநாதனுக்கு வயிறு எரிய வேண்டும், அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். சாமுண்டீஸ்வரிக்கு அந்த வருஷம் முழுக்க வேறு ஆசையே இல்லை.

ஆசை வராமல் என்ன செய்யும்? அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த ஒரு கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில், வெயிலை மின்சாரமாக்கும் திரவப்படிகம் ஒன்றை மூன்று வருஷம் பாடுபட்டு உருவாக்கியவள் அவள். தொண்ணூற்றாறில் பெங்களூர் மாநாட்டில் அதைப் பற்றிப் பேசி மாலை வாங்கிக்கொண்டவர் உலகநாதன். பெயிண்ட் பிரிவிலிருந்து ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தலைவராக வந்து உட்கார்ந்தவர். கட்டுரையில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. கேட்டதற்குச் சிரித்தார்.

"உன் பேரைப் போட்டு என்னம்மா ஆகப்போகுது? நாளைக்கே கல்யாணம் ஆகிப் போயிடுவே."

ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த வீட்டுக்குப் போய் அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அழவும் இல்லை. அழுதால் கோபம் தீர்ந்துவிடுமோ என்று பயந்தாள்.

அந்தப் படிகத்தை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே உருக்கி ஊற்றித் தகடு செய்வாள். எப்போதும் இரண்டு விதம். சட்டென்று குளிரவைத்தது ஒன்று. நுண்ணோக்கியில் அது சிவப்பும் பொன்னுமாகப் பூப்பூவாய்த் தெரியும், படம் எடுக்க உதவும். அடுப்படியில் பாலைக் காப்பதுபோல் பக்கத்திலேயே உட்கார்ந்து, மெல்ல மெல்லக் குளிரவைத்தது இன்னொன்று. அதில் மூலக்கூறுகள் அடுக்கிவைத்த தோசைபோல் நிமிர்ந்து நிற்கும். மின்சாரம் அந்த அடுக்கு வழியாகத்தான் ஓடும். ஆனால் நுண்ணோக்கியில் வெறும் கறுப்பு. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி. எது எதற்கு என்று உலகநாதன் ஒருநாளும் கேட்டதில்லை.

பணம் ஒதுக்கும் டெல்லிக்காரர்கள் வந்த அன்று காலையில் அவர் நுண்ணோக்கியில் குனிந்தார்.

"இது கறுப்பா செத்துக் கிடக்கு. தூக்கிப் போடு. இது பாரு, என்ன அழகு! தகட்டை நானே எடுத்துட்டுப் போறேன். நீ டீ, மிக்சரைக் கவனி."

சோதனை விளக்கும் மீட்டரும் பொருத்தும் கஜபதி பதறிப்போய் அவளிடம் வந்தான். "மேடம், இன்னா நீங்க! அவரு படத்துக்கு வெச்ச தகட்ட எடுத்துகினு போறாரு!"

"போகட்டும் கஜபதி."

"மானம் பூடும் மேடம்."

"யார் மானம்?"

கஜபதி மீட்டரைத் தூக்கிக்கொண்டு போனான். அவள் கறுப்புத் தகட்டைத் துணியில் சுற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

டெல்லிக்காரர்கள் முன்னால் அரை மணி நேரம் பேசிவிட்டு உலகநாதன் தகட்டைப் பொருத்தி விளக்கைப் போட்டார். மீட்டரின் முள் லேசாக நடுங்கி, அப்படியே படுத்துவிட்டது. ஒயரை ஆட்டினார். கஜபதியைத் திட்டினார். முள் அசையவில்லை. டெல்லிக் குழுவின் தலைவர் நாகப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

டீத் தட்டோடு வாசலில் நின்ற சாமுண்டீஸ்வரிக்கு உடம்பெல்லாம் இனித்தது. ஆனாலும் அவள் நகரவில்லை. மனுஷனை அவளுக்குத் தெரியும். அடுத்து என்ன செய்வார் என்றும் தெரியும்.

உலகநாதன் வியர்த்துக் கொட்டியபடி கையை அவள் பக்கம் நீட்டினார். "சார், இதை நான் செய்யலை. பொருள், தகடு, மூணு வருஷ வேலை எல்லாமே இந்தச் சாமுண்டீஸ்வரிதான். நான் நம்பி ஏமாந்துட்டேன்."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். நேராக மேசைக்குப் போனாள். பூப்போட்ட தகட்டைக் கழற்றிவிட்டுப் பையில் இருந்ததைப் பொருத்தினாள். விளக்கைப் போட்டதும் முள் விருட்டென்று ஏறி நின்றது. கடைசி வரிசைக்காரர்கள் எழுந்துவிட்டார்கள்.

நாகப்பன் கண்ணாடியைக் கழற்றினார். "யார் செஞ்சது இது?"

சாமுண்டீஸ்வரி உலகநாதனைப் பார்த்துத் திரும்பினாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க சார். பின்னாடி இருக்கறவங்களுக்குச் சரியா கேட்கலை."