பெயர் கேட்டு வந்த அதிகாரி

முன்னறையில் கொழும்புக் குடிவரவுத் திணைக்கள அதிகாரி பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். பின்னறையில் சஞ்சீவனி தடித்த கோப்பு ஒன்றை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கட்டுக்கலையில் இருக்கும் செல்லச்சாமி எம்.பி.யின் காரியாலயத்தில் தட்டச்சு, தொலைபேசி, மனு வாங்குவது எல்லாம் அவள்தான். எம்.பி. ஒரு தனி உறுப்பினர் சட்டமூலம் கொண்டுவருகிறார். இந்தியாவிலிருந்து வந்து, இங்கே கல்யாணம் செய்து, விசா முடிந்தும் தங்கிவிட்டவர்களைப் பிடித்து அனுப்பாமல் வதிவிட உரிமை கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அப்படிப்பட்ட குடும்பங்களின் விவரத்தை இரண்டு மாதமாகத் திரட்டியவள் சஞ்சீவனி. பயப்படாமல் கொடுங்கள் என்று கலஹாவிலும் கெலிஓயாவிலும் வீடு வீடாகப் போய் அவளே சொன்னாள். நம் சனத்துக்கு எந்த மனுவென்றாலும் போட்டோ கொப்பி இணைக்காவிட்டால் தூக்கம் வராது. கேட்காமலேயே கடவுச்சீட்டு, முடிந்துபோன விசா, விலாசம், வேலை செய்யும் கடையின் பெயர் வரை கொடுத்துவிட்டார்கள். நாற்பத்தொரு குடும்பம். ஆளைப் பிடிக்க இதைவிட என்ன வேண்டும்?

அதிகாரி கேட்டது அந்தக் கோப்பைத்தான். ஆய்வுக்காம்.

செல்லச்சாமிக்கு முகமெல்லாம் பூரிப்பு. நாலு வருடம் கத்தியும் ஏறெடுத்துப் பார்க்காதவர்கள் வாசல் தேடி வந்திருக்கிறார்கள். சீக்கிரம் கொடு என்று கை நீட்டினார். எண்ணிக்கையை மட்டும் கொடுத்தால் போதாதா என்று அவள் மெல்லக் கேட்டாள்.

"பேர் இல்லாம எப்படி புள்ள? எங்க, காட்டுன்னு சபையில எதிர்ல இருக்கவன் சிரிப்பான்."

"சட்டம் வர்றதுக்கு முந்தி இவங்கள புடிச்சா, சேர்?"

"அதுக்குத்தானே சட்டமே கொண்டு வர்றோம்."

"இன்னும் வரலயே, சேர்."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவள் வீடு அந்தக் கோப்பில் இல்லை. பேசாமல் கொடுத்துவிட்டால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. அந்த நினைப்புத்தான் அவளை அதிகம் பயமுறுத்தியது. கைப்பையின் அடியிலிருந்து ஒரு கடவுச்சீட்டை எடுத்தாள். வீட்டில் வைக்கப் பயந்து ஐந்து வருடமாகத் தோளில் சுமப்பது.

"அப்ப இதையும் சேத்து நாப்பத்திரண்டா குடுங்க."

படத்தில் அவள் புருஷன் யுகேஷ். வெள்ளிக்கிழமைகளில் அவளை அழைத்துப்போக வருகிறவன். "என்ன மாப்ள" என்று எம்.பி. முதுகில் தட்டுகிறவன். கலஹாக்காரன் என்றே அவர் நம்பியிருந்தார். கோயில் கோபுர வேலைக்குத் துறையூரிலிருந்து ஒரு மாத விசாவில் வந்தவன் என்பது இப்போதுதான் தெரிந்தது.

செல்லச்சாமி கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மத்தவங்கள மட்டும் பயப்படாதன்னு சொன்னியே."

"ஆமா, சேர்" என்றாள், அவரைப் பார்க்காமல்.

அவர் எழுந்து முன்னறைக்குப் போனார். சஞ்சீவனி கதவோரம் நின்று கேட்டாள். கோப்பு கொழும்பில் இருக்கிறது என்று எம்.பி. சிங்களத்தில் பொய் சொன்னார். பரவாயில்லை, வரவழைத்து வையுங்கள், நாளைக் காலை உத்தரவுக் கடிதத்தோடு வருகிறேன் என்றார் அதிகாரி. பிறகு, உள்ளே இருக்கும் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டார். ஜீப் புறப்படும் சத்தம் கேட்ட பிறகே அவள் கதவை விட்டு நகர்ந்தாள்.

திரும்பி வந்த செல்லச்சாமிக்கு நெற்றி வியர்த்திருந்தது. சபையில் எண்ணிக்கையை மட்டும் சொல்கிறேன், சிரிக்கிறவன் சிரிக்கட்டும் என்றார்.

"எல்லாத்தையும் இன்னைக்கே அவங்கவங்க கையில குடுத்துரு."

கோப்பில் முதல் பெயர் கெலிஓயா மஸீனாவுடையது. புருஷனுக்குக் காயல்பட்டினம். தொலைபேசியில் எம்.பி. காரியாலயம் என்றதுமே அவள் குரல் மலர்ந்தது.

"சட்டம் பாஸாகிட்டா, மிஸ்?"

"இன்னும் இல்ல. வந்து உங்க தாளையெல்லாம் எடுத்துட்டுப் போயிருங்க. அவர நாளைக்குக் கடையில நிக்க வேணாம்னு சொல்லுங்க. வீட்டுலயும் வேணாம்."

"அப்ப அவர் எங்க போற, மிஸ்?"

நாளைக்கு எங்கே போவது என்று யுகேஷிடமே சஞ்சீவனி இன்னும் பேசவில்லை.