இன்னும் நாலு இஞ்ச்

பாலுசாமி சங்கிலியை இழுத்தார். வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையின் உத்தரத்தில் மாட்டியிருந்த, பாரம் தூக்கும் செயின் பிளாக் கடகடத்தது. அதில் தொங்கிய எஞ்சின் இரண்டு விரற்கடை கீழே இறங்கி நின்றது. காரின் முன்பக்கத்துக்குள் குனிந்திருந்த லோகப்பிரியா இரண்டு கையாலும் அதை அணைத்து ஆட்டத்தை அடக்கினாள்.

“மெதுவாங்கப்பா. இந்தப் பக்கம் இடிக்குது.”

“செரி கண்ணு. நீ கையைப் பார்த்துக்கோ. வெரல் நசுங்குச்சுன்னா உங்கம்மாளுக்கு நான்தான் பதில் சொல்லோணும்.”

அம்மா மாரியாத்தாள் விடிந்ததும் காரமடைக்குப் பஸ் ஏறியிருந்தாள். புரட்டாசிச் சனிக்கிழமை. கோயிலில் கூட்டமாக இருக்கும், திரும்பி வர மத்தியானம் ஆகும். அதற்குள் எஞ்சினை இறக்கி முடித்துவிட வேண்டும் என்று அப்பாவும் மகளும் பேசி வைத்திருந்தார்கள். பக்கத்து லேத் பட்டறை அமீர் ஹம்சாவின் செயின் பிளாக் அது. பன்னிரண்டு மணிக்கு அவருக்கே அது வேண்டும்.

கணபதி வட்டாரத்தில், அந்தத் தெருவில் எல்லாருக்கும் அந்தக் காரைத் தெரியும். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத இங்கிலாந்து வண்டி. பாலுசாமி வேலை பார்த்த மில்லில், முதலாளி மகன் ஒரு காலத்தில் ஓட்டியது. இருபது வருஷம் குடோனில் பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்து, போன வருஷம் பழைய இரும்போடு ஏலத்துக்கு வந்தது. ஸ்டோர் கீப்பரான பாலுசாமிதான் பட்டியல் எழுதினார். எழுதிவிட்டு வந்து, மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த மகளிடம், “ஒரு காரு வருது. ஓடாது. உனக்கு ஆகுமா?” என்று கேட்டார். ஸ்காலர்ஷிப் பணம் முழுக்க அதற்கே போய்விட்டது.

அதற்குப் பிறகு வாங்கியதெல்லாம் உக்கடம் பழைய இரும்புக் கடையில்தான். ஒரு ஹெரால்டு காரிலிருந்து பேரிங்குகள் கிடைத்தன. பிஸ்டன்கள் வேறு ஏதோ வண்டியுடையவை. அமீர் ஹம்சா அவற்றின் தலையைச் சீவி அளவுக்குக் கொண்டுவந்தார். பாகங்களுக்கு நடுவே கசியாமல் வைக்கும் கேஸ்கட்டை அவளே காகிதத்தில் அச்செடுத்துக் கத்தரியால் வெட்டினாள். வகுப்பில் பையன்கள், இது ஓடினால் மொட்டை போட்டுக்கொள்வதாகச் சொன்னார்கள். பாலுசாமிக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் கழற்றிப் போட்ட ஒவ்வொன்றையும் பொறுக்கி, ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டு, ‘வால்வு ஸ்பிரிங், 8 உருப்படி’ என்று சீட்டு ஒட்டி வைப்பார். பத்து மாதத்தில் ஒரு திருகாணிகூடத் தொலையவில்லை.

“சித்த இரு கண்ணு,” என்றார்.

அவள் நிமிர்ந்தாள். அவர் சங்கிலியை விட்டுவிட்டு இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காலை பத்து மணிதான்; அவ்வளவு வேர்க்கிற வெயில் இல்லை.

“என்னங்கப்பா?”

“ஒண்ணுமில்ல. நெஞ்சுல வாயு புடிச்ச மாதிரி இருக்குது. ஒரு சோடா குடிச்சாச் செரியாப் போகும். அம்மாகிட்டச் சொல்லிப்போடாதே.”

அவர் உதடு வெளுத்திருந்தது. அதை அவள் பார்த்தாள். பார்த்தது அவளுக்கு நன்றாகத் தெரியும். எஞ்சின் அவள் கைகளுக்குள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது; அது உட்கார வேண்டிய இடத்துக்கு மேலே கொஞ்சமே இடைவெளி. விட்டால் சரிந்து பக்கவாட்டில் மோதும்.

“இன்னும் நாலு இஞ்ச்தானுங்கப்பா. எறக்கிட்டு ஒக்காந்துக்கலாம்.”

“செரி,” என்று சொல்லி அவர் மறுபடியும் சங்கிலியைப் பிடித்தார்.

எஞ்சின் உட்கார்ந்தது. ஒரு போல்ட்டைத் துளையில் நுழைத்து விரலால் முடுக்கினாள். ‘டக்’கென்று அது சரியாக விழுந்த சத்தத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. “உழுந்துருச்சுங்கப்பா,” என்று திரும்பினாள்.

அவர் தரையில் விரித்திருந்த சாக்கின் மேல் பக்கவாட்டில் படுத்திருந்தார். ஒரு கை மட்டும் இன்னும் சங்கிலியில் மாட்டியிருந்தது.

அமீர் ஹம்சாவின் வேனில் கொண்டுபோனார்கள். மெயின் ரோட்டு டாக்டர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், அழுத்தினார், ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

“எப்ப இருந்தும்மா வலி?”

“இப்பத்தானுங்க. திடீர்னு.”

“முன்னாடி எதுவும் சொல்லலையா?”

“இல்லீங்க.”

டாக்டர் அவளையே பார்த்தார். “வலின்னு சொன்ன ஒடனே வந்திருந்தா ஏதாச்சும் பண்ணியிருக்கலாம். சில பேரு சொல்றதே இல்லை,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. பொய் அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்துவிட்டதுதான் அவளை நடுங்க வைத்தது. அமீர் ஹம்சா பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் கேட்டாரா என்று நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது.

பதினொன்றரைக்கு வீட்டுக் கூடத்தில் கிடத்தினார்கள். அமீர் ஹம்சா கொட்டகைத் தகரக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, காரமடை பஸ் வந்து நிற்கிற இடத்துக்கு ஆளை அனுப்பினார். பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்த பெரியப்பாவுக்கும் சொல்லிவிட்டார். லோகப்பிரியா குழாயடியில் சோப்புத்தூள் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்தாள். தோல் எரிந்தது. மசகு போனது, நக இடுக்கில் மட்டும் கறுப்பு நின்றது. கைகளைத் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டு அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியோடு வந்தார்கள். எப்படி, எங்கே, என்ன செஞ்சுட்டிருந்தாரு. “ஒக்காந்திருந்தாருங்க, அப்படியே சாஞ்சுட்டாருங்க,” என்றாள். மூன்றாம் தடவை சொல்லும்போது அது நிஜமாகவே நடந்தது போல் இருந்தது. அது இன்னும் பயமாக இருந்தது.

பெரியப்பா திருமலைசாமி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தம்பியின் காலைப் பிடித்துக் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஆகவேண்டியதைக் கவனிக்க ஆரம்பித்தார்.

“குளிப்பாட்டறக்கு ஒரு பெஞ்சு வேணுமே. பின்னால கொட்டகையில கெடந்துதல்லோ?”

அவர் கொல்லைப் பக்கம் நடந்தார். லோகப்பிரியா எழுந்து நின்றுவிட்டாள். கதவைத் திறந்தால் சங்கிலி, சாக்கு, பாதி முடுக்கிய போல்ட், எல்லாம் அப்படியே இருக்கும். தடுக்க வேண்டும் என்று நினைத்தாள்.

“ஏனுங்க, நீங்க இருங்க,” என்று அமீர் ஹம்சா குறுக்கே வந்தார். “உள்ள இரும்புச் சாமானாக் கெடக்குது. கால்ல குத்திப்போடும். நான் எடுத்தாறனுங்க.”

பெரியப்பா நின்றார். “அந்தக் காரு இன்னும் இருக்குதா?”

“இருக்குதுங்க.”

“வேண்டாம்னு அப்பவே சொன்னேன்,” என்றார் அவர் பொதுவாக.

ஒரு மணிக்கு மாரியாத்தாள் வந்தாள். தெருமுனையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. துளசி மாலையும் பிரசாதப் பொட்டலமும் இருந்த பையைக் கையிலிருந்து யாரோ வாங்கிக்கொண்டார்கள். கத்தி அழுவாள் என்று எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் அழவில்லை. கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வேட்டி மடிப்புக்குள் இருந்த வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

உள்ளங்கை முழுக்க மசகு. சங்கிலியின் வளையங்கள் அச்சுப்போலப் பதிந்திருந்தன.

மாரியாத்தாள் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். மகளின் முகத்தை அல்ல, துப்பட்டாவுக்குள் இருந்த கைகளைப் பார்த்தாள்.

“பிரியா, மண்ணெண்ணெயும் துணியும் கொண்டா.”

அவள் கொண்டுவந்தாள். மாரியாத்தாள் துணியை நனைத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். நக இடுக்கில் ஊக்கு முனையால் எடுத்தாள். பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“என்னம்மிணி அது?” என்றார் பெரியப்பா.

“நேத்து ஸ்டோர்ல ஆயில் டின்னு கவுந்துபோச்சாமுங்க மாமா. சோப்பு போட்டும் போகலைன்னு சொல்லிட்டிருந்தாருங்க.”

சொல்லிக்கொண்டே அவள் அடுத்த விரலுக்குப் போனாள். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. இனி கேட்பாள். எப்போது என்பதுதான் தெரியவில்லை. குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்தபோது கேட்கவில்லை. நெற்றியில் காசு வைத்தபோது கேட்கவில்லை. ஒவ்வொரு தடவை அம்மா தன் பக்கம் திரும்பும்போதும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றரைக்குப் பாடை கட்ட ஆட்கள் வந்தார்கள். மாரியாத்தாள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு எழுந்து போனாள். வாசலில் நின்று, “இங்க வா,” என்றாள்.

உள்ளே போனதும் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

“வலிக்குதுன்னு சொன்னாரா?”

“சொன்னாரும்மா.”

“எப்ப?”

“எறக்கி முடிக்கறக்கு முன்னாடி. நான்தான், இன்னும் நாலு இஞ்ச்தான்னு...” அடிக்கப் போகிறாள் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

மாரியாத்தாள் மகளின் வாயைப் பொத்தினாள். உள்ளங்கை மண்ணெண்ணெய் நாறியது.

“மெல்லப் பேசு.” வெளியே யாரும் இருக்கிறார்களா என்று காது கொடுத்துக் கேட்டாள். பிறகு கையை எடுக்காமலே சொன்னாள். “புதங்கிழமை எங்கிட்டயும் சொன்னாரு. மில்லுல படி ஏறறப்ப நெஞ்சப் புடிக்குதுன்னு. பிரியாகிட்டச் சொல்லாதே, அவ வேலையை உட்டுப்போட்டு என்னை டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருவான்னாரு. நானும் செரின்னுட்டேன். சனிக்கிழமை காரமடை போயி வேண்டிக்கிட்டாப் போதும்னு நெனச்சேன்.”

லோகப்பிரியா அம்மாவின் கண்களைப் பார்த்தாள். காலையிலிருந்து ஒவ்வொரு முகத்தின் முன்னாலும் தன் கண்ணில் இருந்த அதே பயம் அங்கேயும் இருந்தது.

“உங்க பெரியப்பாகிட்டச் சொல்லிப்போடாதே கண்ணு,” என்றாள் மாரியாத்தாள்.

“இல்லம்மா.”

“டாக்டரு கேட்டாரா?”

“கேட்டாருங்கம்மா. இல்லைன்னு சொல்லிட்டேன்.”

மாரியாத்தாள் தலையை ஆட்டினாள். சொம்பில் இருந்த தண்ணீரைப் பாதி குடித்துவிட்டு மீதியை மகளிடம் நீட்டினாள்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். ஆண்கள் போனதும் வீடு சட்டென்று காலியானது. மில்லிலிருந்து வந்த மாலைகளின் உதிரிகள் வாசலில் கிடந்தன. சொந்தக்காரப் பெண்கள் கூடத்தைக் கழுவிவிட்டு, வெளியே பந்தலில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ மாரியாத்தாளை அறைக்குள் பாயில் படுக்க வைத்தார்கள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததும் கண்ணை மூடிவிட்டாள்.

ஜன்னலில் மஞ்சள் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. லோகப்பிரியா வாசற்படியில் உட்கார்ந்து அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேலை அசைகிற மாதிரி இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது. ஒரு தடவை எண்ணிப் பார்த்தாள். இடையில் விட்டுப்போனது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். பிறகு எழுந்து, சத்தமில்லாமல் பாயருகே மண்டியிட்டு, ஒரு விரலை அம்மாவின் மூக்கருகே கொண்டுபோனாள்.

சூடாக மூச்சு பட்டது. விரலை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

மாரியாத்தாள் கண்ணைத் திறந்தாள். விரலைப் பார்த்தாள். சுவரை ஒட்டி நகர்ந்து, பாயில் கொஞ்சம் இடம் விட்டாள்.