மம்மிக்கு ஒரு வாய்

ஆபரேஷன் முடிந்த ஒன்பதாவது நாள் மதியம் ஒரு மணிக்கு, ஜூலியாவின் அல்சூர் வீட்டில் பருப்பு சாதம் சுவரில் இருந்தது, சோபாவில் இருந்தது, நாத்தனார் ஃபிலோமினாவின் நைட்டியிலும் இருந்தது. இரண்டரை வயது ஸ்னேஹாவின் வாயில் மட்டும் இல்லை.

“மம்மிக்கு ஒரு வாய்” என்றாள் ஸ்னேஹா, ஐம்பதாவது தடவையாக.

ஜூலியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது? இந்த விளையாட்டைக் கண்டுபிடித்ததே அவள்தான். மூத்தவன் ரயானுக்குப் பல் முளைத்ததிலிருந்து, ‘பாப்பாவுக்கு ஒரு வாய், மம்மிக்கு ஒரு வாய்’ என்று சொல்லிச் சொல்லித்தான் இரண்டு பிள்ளைகளுக்கும் ஊட்டினாள். பாப்பா வாய் என்றால் சுண்டைக்காய் அளவு. மம்மி வாய் என்றால் எலுமிச்சம்பழ அளவு. தட்டில் மிஞ்சியதும் மம்மிக்கே. அதெல்லாம் முடிந்த பிறகுதான் மம்மி தனக்கென்று தட்டுப் போட்டுக்கொண்டு உட்காருவாள்.

ஐந்து வருடத்தில் எடை நூற்றுப் பதினாறு கிலோவைத் தொட்டது. சர்க்கரை வந்தது, முட்டி வலி வந்தது, ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. கடைசியில் டாக்டர்கள் வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைத் தைத்து அனுப்பினார்கள். இரண்டு வாரத்துக்கு வெறும் நீராகாரம், அதுவும் கால் மணி நேரத்துக்கு இரண்டு மடக்கு. ஒரு பருக்கை உள்ளே போகக் கூடாது. வாந்தி எடுத்துத் தையல் விட்டுப்போனால் மறுபடியும் ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் வர வேண்டும், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கவும் கூடாதாம். ஸ்னேஹா பன்னிரண்டு கிலோ. அவளிடம் போய் இதை யார் விளக்குவது?

அவளோ நாலு நாளாகப் பட்டினிப் போராட்டம் நடத்திக்கொண்டிருந்தாள். பால் குடிப்பாள், பிஸ்கட்டை நக்குவாள், அவ்வளவுதான். முதல் சில நாள் அப்பா ஆம்ப்ரோஸ் லீவு போட்டுக்கொண்டு யூடியூப்பைக் காட்டி எதையோ திணித்தான். அவன் ஆபீஸுக்குக் கிளம்பியதோடு சரி. மம்மி ஒரு வாய் சாப்பிட்டால்தான் பாப்பா ஒரு வாய் சாப்பிடுவாள். முந்தாநாள் ஜூலியா வெறும் விரலை வாயில் வைத்து மெல்லுவதுபோல் நடித்துப் பார்த்தாள். “ஆ காட்டு” என்றாள் ஸ்னேஹா. கன்னத்தில் சோற்றை ஒளித்து வைத்திருக்கிறாளா என்று பார்ப்பதற்காக ஜூலியா பழக்கிவிட்ட வார்த்தைதான் அது. காட்டிய வாய் காலியாக இருந்ததால் அன்றைக்கும் சாப்பாடு கிடையாது. கன்னம் ஒட்டிப்போன பிள்ளையைப் பார்க்கப் பார்க்க ஜூலியாவுக்கு வயிறு எரிந்தது, இருந்த கொஞ்ச வயிறும்.

“ஒரே ஒரு வாய் தின்னுத் தொலையேன் ஜூலியா. அதப் பாத்தாச்சும் இவ தின்னுவா இல்ல?” என்றாள் ஃபிலோமினா, சுவரைத் துடைத்துக்கொண்டே. “பித்தப்பைல கல்லு எடுத்ததுக்கு இம்மாம் பத்தியமா? எங்க சந்தாபுராவுல ஒரு அம்மா கல்லு எடுத்த மூணாம் நாளே பிரியாணி துன்னுச்சு.”

இது இரண்டாவது தலைவலி. ஆம்ப்ரோஸின் அக்கா, தையல் கடையைப் பூட்டிவிட்டுத் தம்பி குடும்பத்துக்கு உழைக்க வந்தவள், அவளிடம் ஜூலியா சொன்னது பித்தப்பைக் கல் என்று. ஊருக்கெல்லாம் சொன்னதும் அதுதான். உண்மையைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். வாயைக் கட்டத் துப்பில்லாமல் வயிற்றை வெட்டிக்கொண்டாள் என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான் இத்தனை பொய்யும்.

“டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காரு அக்கா.”

“டாக்டரா வந்து உன் புள்ளைக்கு ஊட்டப் போறாரு?”

ஸ்னேஹா தட்டை அம்மாவின் மடிக்குத் தள்ளிவிட்டு அழ ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ரயான் ஷூவைக் கழற்றாமல் நின்று வேடிக்கை பார்த்தான். எதிர்வீட்டு நாய்கூடச் சேர்ந்து குரைத்தது. ஜூலியாவுக்கு மண்டை காய்ந்தது. மென்றுவிட்டுத் துப்பிவிடலாம், அதில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தாள். ஒரு விரலளவு பருப்பு சாதத்தை எடுத்து வாயில் வைத்தாள். ஸ்னேஹா அழுகையை நிறுத்திவிட்டுக் கண் கொட்டாமல் பார்த்தாள்.

ஒன்பது நாள் கழித்து நாக்கில் பட்ட நெய்யும் உப்பும். துப்புவதற்கு டிஷ்யூவைத் தேடிய அந்த ஒரு நொடியில் தொண்டை தன் வேலையைப் பார்த்துவிட்டது. முழுங்கிவிட்டாள்.

இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு நெஞ்சுக்கூட்டின் நடுவில் யாரோ முழங்கையை வைத்து அழுத்தியதுபோல் வலித்தது. வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாள். குனிந்து வாந்தி எடுத்தபோது ஒவ்வொரு குமட்டலுக்கும் உள்ளே தையல் இழுத்தது. செத்துப்போனால் இந்த இரண்டையும் யார் பார்ப்பார்கள் என்பதுதான் மனசில் ஓடியது. ஒரு விரலளவு பருப்பு சாதத்துக்காகச் சாகப்போகிறோமே என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஃபிலோமினா ஓடிவந்து முதுகைத் தடவினாள். “இன்னாடி ஆச்சு? ஒரு வாய் சோத்துக்கா இப்டி?”

“கல்லு இல்ல அக்கா” என்றாள் ஜூலியா, கழுவின முகத்தைக்கூடத் துடைக்காமல். “எனக்குக் கல்லே இல்ல. எடை குறைய வயித்த வெட்டி எடுத்துட்டாங்க. முக்காவாசி இல்ல. சோறு போனா தையல் பிச்சுக்கும். போதுமா? போய் எல்லார்கிட்டயும் சொல்லுங்க.”

ஃபிலோமினா வாயைப் பொத்திக்கொண்டாள். “அடிப்பாவி, நானே உன்ன கொன்னுருப்பேனேடி! மூணு நாளா தின்னு தின்னுன்னு நச்சரிச்சிருக்கேன். யார்கிட்ட சொல்றது இதப் போய்? ஃபோன எடு முதல்ல, ஆஸ்பத்திரிக்குப் போடு.”

ஆஸ்பத்திரி நர்ஸ் நிதானமாகக் கேள்வி கேட்டாள். காய்ச்சல் இருக்கிறதா, நாடி வேகமாக அடிக்கிறதா, தோள்பட்டை வலிக்கிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றதும், இனி விளையாட்டுக்குக்கூடச் சோற்றை வாயில் வைக்காதீர்கள், வலி திரும்ப வந்தால் உடனே கிளம்பி வாருங்கள் என்றாள். வலி மெல்ல இறங்கியது. ஜூலியா சோபாவில் வந்து சாய்ந்தாள்.

ரயான் தங்கையிடம் விளக்கிக்கொண்டிருந்தான். “மம்மி வயித்த கட் பண்ணிட்டாங்க. இப்ப மம்மிக்குக் குட்டி வயிறு. இத்துனூண்டு.”

ஸ்னேஹா யோசித்தாள். பிறகு தட்டுக்குள் விரலை விட்டுக் கிளறி, பருப்பில்லாத ஒரே ஒரு பருக்கையைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மாவின் உதட்டருகில் நீட்டினாள்.

“மம்மிக்குக் குட்டி வாய்.”

ஜூலியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, எரிச்சலும் கூடவே வந்தது. இத்தனை நாளும் இது அடம் பிடிக்கிறது என்று பல்லைக் கடித்தாளே, அம்மாவுக்குக் கொடுக்காமல் தின்ன மனம் வராமல்தான் இருந்திருக்கிறது. பருக்கையைப் பார்த்தாள். வாய் திறந்துகொள்ளுமோ என்று பயந்து உதட்டை இறுக்கினாள். நடிக்கவில்லை, சாக்குச் சொல்லவில்லை.

“வேணாம்டா கண்ணு. மம்மியால அதுவும் முடியாது.”

ஸ்னேஹா பருக்கையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். “மம்மிக்கு ஒரு வாய்” என்று சொல்லி அதைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள். தட்டுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். “பாப்பாவுக்கு ஒரு வாய்” என்று கொஞ்சம் அள்ளித் தின்றாள். “மம்மிக்கு ஒரு வாய்” என்று மறுபடியும் அள்ளித் தின்றாள்.

“மாதாவே!” என்று கையைத் தட்டினாள் ஃபிலோமினா. “அவ பங்கும் திங்கிறா, உன் பங்கும் திங்கிறா பாருடி! இரு, இன்னும் சோறு கொண்டாறேன்.”

ஜூலியா சிரித்தாள். நாலு நாளாக அடைத்துக் கிடந்த நெஞ்சு லேசானது. சிரித்துக்கொண்டே அந்தச் சின்னக் கையைக் கவனித்தாள். பாப்பா வாய்க்கு நுனி விரலால் எடுத்த பிள்ளை, மம்மி வாய்க்கு உள்ளங்கை நிறைய அள்ளியது. கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது, ஆனாலும் மென்று முழுங்கிவிட்டு அடுத்த மம்மி வாய்க்குக் கையை விட்டது. ஜூலியாவின் சிரிப்பு நின்றது.

அவள் மெதுவாக இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். மகளின் மணிக்கட்டைப் பிடித்து, அந்த உருண்டையைத் தட்டிலேயே உதிர்த்துவிட்டாள்.

“என்னத்துக்குப் புடுங்குற? பட்டினி கெடந்த புள்ள இப்பதான் தின்னுது!” என்று சமையற்கட்டு வாசலிலிருந்து கத்தினாள் ஃபிலோமினா.

“அவ பங்கை அவ தின்னட்டும் அக்கா” என்றாள் ஜூலியா. ஸ்னேஹாவின் பக்கம் திரும்பினாள். “மம்மிக்கு வேணாம்னு சொன்னேன்ல? மம்மி வாய நீ திங்கக் கூடாது. யாரும் திங்கக் கூடாது. உன் வாய் மட்டும்.”