முதலில் வெள்ளை, பேந்து சிவப்பு

பேரரசுகளைக் கவிழ்த்த பூ என்று ஒன்று இருக்குமானால் அது பொப்பிதான். அதற்காகக் கடலில் கப்பல்கள் சுட்டுக்கொண்டன. அதன் அபின் பாலில் மன்னர்கள் மயங்கிக் கிடந்தார்கள். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, பனி நாட்டுப் புறநகரான கர்க்லாண்டில், அது மாக்கிரட்டின் மிளகாய்ப் பாத்தியைக் கவிழ்த்தது.

கவிழ்த்தவர் அவளுடைய கணவர் அருமைநாதர், கத்தோலிக்கக் கோயில் சபையின் முன்னாள் தலைவர். அந்த 'முன்னாள்' அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள். தோட்டப் போட்டியில் பொப்பிக்குப் பரிசெடுத்தால் சபை தன்னைத் திரும்பக் கூப்பிடும் என்று நம்பினார். மாக்கிரட் பங்குனியிலிருந்து ஜன்னலோரம் தயிர் டப்பாக்களில் வளர்த்த மிளகாய்க் கன்றுகள் நிலம் கிடைக்காமல் டப்பாவுக்குள்ளேயே செத்தன.

"பொப்பி பூக்காட்டிப் பாத்தி உமக்கு. பூத்தா எண்டைக்கும் எனக்கு" என்றார்.

பொப்பி விதைக்குத் தமிழ் கசகசா என்று அகராதியில் கண்டுபிடித்து, பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு யாழ்ப்பாணத்தார் கடையில் கசகசா வாங்கித் தூவினார். மிச்சத்தைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, லத்தீனில் பெயர் ஒட்டி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். உரத்துக்கு மீன்தலைகளை வாளியில் ஊறவிட்டார். ஆனி முழுக்கக் கராஜ் நாறியது. வாளியைக் கலக்கிய கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு அதே கையால் பாணைப் பிய்த்துத் தின்பார். மாக்கிரட் தன் பாணை மூடிவைத்துவிட்டு எழும்பிப் போவாள்.

ஆடியில் செடிகள் முழங்காலுக்கு வளர்ந்து, கதிர் கதிராக, ஈர் ஒட்டிய மாதிரி வெள்ளைப் பூ விட்டன.

"உதே பொப்பி?" என்று கேட்டாள் மாக்கிரட்.

"முதல் வெள்ளை. பேந்து சிவக்கும்" என்றார் அருமைநாதர், பொப்பியைப் பெற்ற தகப்பன் போல.

சிவக்கும்வரை அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் சபைக்காரர்களை வீட்டுக்கு அழைத்தார். வெக்கைக்கு மாக்கிரட் பலூடா செய்தாள். குளிர்சாதனப் பெட்டியில் போத்தல் ஒன்றில் கறுப்பு விதை இருந்தது, எடுத்து ஊறப்போட்டாள்.

அருமைநாதர் பாத்தியோரம் நின்று பேசினார். "ஒரு கரண்டி விதை போதும். ஒரு படையே நித்திரையாகிப்போகும்!" இரண்டாவது கிளாஸையும் முடித்து மீசையைத் தடவும்போதுதான் மேசையில் வெறும் போத்தலைக் கண்டார்.

"மாக்கிரட்! உதுக்குள்ள இருந்ததை என்ன செய்தனீர்?"

"பலூடாக்குப் போட்டனான். இப்ப குடிச்சியளே, அதுதான்."

"ஐயோ, அபினெல்லோ குடிச்சிட்டம்!" என்றபடி அருமைநாதர் புல்லில் மெதுவாக, இடம் பார்த்து, விழுந்தார்.

"எனக்கும் கண் சொருகுது" என்றார் பிலோமினம்மா. தன் நாக்குத் தடித்துவிட்டதை யோசெப் ஒரு சொல் பிசகாமல் விளக்கினார். யாரோ செபமாலையை எடுத்தார்கள்.

பக்கத்து வீட்டுச் சிவநேசம், வந்தவர்களில் ஒரே சைவ சமயத்தவர், கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பாத்திக்குப் போய் ஒரு இலையைக் கசக்கி மணந்தார்.

"நாதண்ணை, உது திருநீற்றுப்பச்சை. எங்கட அம்மன் கோயில் வீதியெல்லாம் நிண்டது. உதின்ர விதையைத்தான் நாங்கள் கசகசா எண்டு பலூடாக்குப் போடுறது. அகராதி சொல்லுற பொப்பிக் கசகசா வேற, அண்ணை."

பிலோமினம்மாவின் கண் உடனே திறந்தது. யோசெப் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அருமைநாதர் மட்டும் எழும்பவில்லை. எழும்பினால் ஏதாவது சொல்லவேண்டும். வாய் பிளந்து கிடந்தது. மீசையில் ஊறிய விதைகள் தவளை முட்டை போல வழுவழுத்தன. மாக்கிரட் கிட்டப் போய்ப் பார்த்தாள். இந்த வாய்க்கா இருபத்தைந்து வருடமாக ஆக்கிப்போட்டாள்? அவரைத் தாண்டிப் போய் முதல் செடியை வேரோடு பிடுங்கினாள்.

"பூத்ததுதானே..." என்றது கண்மூடிக் கிடந்தவரின் வாய்.

"பூத்தது. பொப்பி பூக்கேல்லை. பாத்தி என்ர" என்றாள். கடைசிச் செடிவரை பிடுங்கிக் குவித்தாள்.

மிளகாய் வைக்கக் காலம் பிந்திவிட்டது. மண்ணைக் கொத்தி விட, மண்வெட்டி எடுக்கக் கராஜுக்குள் போனாள். மீன் வாளிக்குப் பக்கத்தில் கசகசா வாங்கிய கடதாசிப் பக்கெற் கிடந்தது. அதன் முன்பக்கத்தில் ஒரு பலூடாக் கிளாஸின் படம் இருந்தது.