பெரிய முள் நின்ற கடிகாரம்

அப்பா விட்டுப்போனவற்றில் சண்டை போடும்படியாக எதுவும் இல்லை என்றுதான் அக்கா, தம்பி இருவருமே நினைத்திருந்தார்கள். வாடகை வீடு, ஒரு சைக்கிள், கட்டுக் கட்டாகப் பந்தய முடிவுத் தாள்கள். அப்புறம் இரண்டு கைக்கடிகாரங்கள்.

இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். வயதில்தான் நாற்பது வருஷ வித்தியாசம். அப்பா சைக்கிள் பந்தயங்களில் நேரம் குறிப்பவராக இருந்தார். ஒரு பெரிய பந்தயத்தில் அரை விநாடித் தகராறு கைகலப்பு வரை போக, அவர் குறித்த நேரம்தான் அதைத் தீர்த்துவைத்தது. அதற்காகப் பந்தயக் கழகம் அவருக்கு விலை உயர்ந்த ஒரு குரோனோகிராஃபைப் பரிசாகக் கொடுத்தது. அவர் ஓய்வு பெற்றபோது, வேறென்ன கொடுப்பது என்று தெரியாமல் அதே மாடலின் புதிய பதிப்பைக் கொடுத்தது. மூளைக்கு அதிகம் வேலை வைக்காத கழகம்.

குரோனோகிராஃப் என்றால் ஒரே உடம்பில் இரண்டு கடிகாரம். ஒன்று மணி காட்டும். பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கினால் இன்னொன்று நேரம் அளக்கும். நடுவில் இருக்கும் நீளமான முள் அளப்பதற்கு மட்டும்தான். அமுக்கும்வரை அது பன்னிரண்டில் தேமே என்று நிற்கும். ஓடும் விநாடிக்கு ஓரமாக ஒரு சின்ன வட்டமும் சின்ன முள்ளும் உண்டு. இது தெரியாதவர்கள் பெரிய முள் நிற்பதைப் பார்த்ததுமே கடிகாரம் போய்ச் சேர்ந்துவிட்டதாக முடிவு கட்டிவிடுவார்கள். அக்காவின் அலுவலகத்துக்கு மாதம் ஒருவராவது அப்படி வருவார்.

அக்காவுக்கு ஏல நிறுவனத்தில் வேலை. பழைய கடிகாரங்களைப் பார்த்து வயது சொல்லி, அசலா இல்லையா என்று சொல்லி, விலை சொல்ல வேண்டும். சதா கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு இருப்பதால் கூட வேலை செய்பவர்கள் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தார்கள். லென்ஸ் போடாமல் அவள் எதைப் பற்றியும் வாயைத் திறந்ததில்லை. சொந்தக்காரர் வீட்டுக் குழந்தையின் வயதைக் கேட்டால்கூட, கொஞ்சம் கிட்ட வரச் சொல்லுவாள் என்று கேலி செய்வார்கள்.

அப்பா எழுதிவைத்திருந்த தாளில் நான்கு வரிதான். கடிகாரம் ஆளுக்கு ஒன்று. எது யாருக்கு என்பதை நீங்களே பேசிக்கொள்ளுங்கள். சண்டை வேண்டாம். பால்காரருக்கு இந்த மாதக் கணக்கு தீர்ந்தது.

வீட்டைக் காலி செய்த ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில் இரண்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மின்விசிறியையும் குழல்விளக்கையும் கழற்றியாகிவிட்டது. ஜன்னல் வெளிச்சம் மட்டும். தம்பிக்குக் குழாய் வேலை. விரல் இடுக்கில் எப்போதும் கொஞ்சம் கருப்பு இருக்கும். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என்று அவனைப் பற்றி அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஓர் எண்ணம். அதைச் சரிபார்த்துக்கொள்ள அவளுக்கு இதுவரை அவசியம் வரவில்லை.

அக்கா பழையதைத் திருப்பிப் பின்மூடியில் இருந்த எண்ணைப் படித்தாள். கண்கள் விரிய இன்னொரு தடவை படித்தாள். அந்த மாடல் வெளிவந்த முதல் வருஷத்து எண் அது. அதுமாதிரி ஒன்று போன வருஷம் ஏலத்துக்கு வந்தபோது கூடத்தில் உட்கார இடமில்லை. இத்தனை வருஷம் அப்பா அதைக் கட்டிக்கொண்டுதான் வாழைப்பழம் வாங்கப் போனார்.

புதியதுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. கீறல் விழாத கண்ணாடி, கையை ஆட்டினாலே சாவி ஏறிக்கொள்ளும், தண்ணீருக்குப் பயமில்லை. நாளைக்கே கடைக்குப் போனால் அதேபோல இன்னொன்று வாங்கலாம். அதுதான் அதன் ஒரே குறை.

லென்ஸ் கைப்பையில்தான் இருந்தது. எடுத்தால் தம்பி "என்ன பாக்கற?" என்று கேட்பான். கேட்டால் சொல்ல வேண்டும். அதனால் எடுக்கவில்லை. மங்கிப்போன பிளாஸ்டிக் கண்ணாடி வழியே முகப்பு தெரிந்தவரை பார்த்துக்கொண்டாள். கருப்பு முகப்பு, பழுதில்லாமல் இருந்தது. அப்பா எதையும் பத்திரமாக வைத்திருப்பவர் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மெல்லச் சாவி கொடுத்தாள். ஓரத்துச் சின்ன முள் ஓடத் தொடங்கியது.

தம்பி புதியதைக் கையில் எடுத்து நாலு தடவை குலுக்கினான். அப்புறம் எதையோ திருகி எதையோ அமுக்கினான். பெரிய முள் சர்ரென்று சுற்ற ஆரம்பித்தது.

"இது நல்லா ஓடுதுக்கா. அதுல பெரிய முள்ளு நிக்குதே. ரிப்பேரா?"

அக்கா பழையதைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் வார்த்தைகூட வேண்டாம்.

"பழசு இல்லையா. பழசுன்னா அப்படித்தான்" என்றாள்.

பொய் என்று யாரும் சொல்ல முடியாது. சொல்லி முடித்ததும் அவளுக்கு முதலில் தோன்றியதே அதுதான்.

"அப்ப நான் புதுச எடுத்துக்கறேன். நீ ரிப்பேர் பார்த்துக்குவ. உனக்குத் தெரிஞ்ச தொழில்தானே" என்று சொல்லிவிட்டு அதன் பெட்டியையும் தம்பி எடுத்து வைத்துக்கொண்டான். இப்படியாக ஒரு நிமிஷத்தில், சண்டை சச்சரவில்லாமல் பாகப்பிரிவினை முடிந்தது. அப்பா இருந்திருந்தால் விநாடியோடு குறித்து வைத்திருப்பார்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குள் நுழைந்ததுமே, அங்கே எந்தப் பொருள் வந்தாலும் செய்வதைப்போல, கடிகாரத்தின் வாரில் எண் போட்ட அட்டைச் சீட்டு ஒன்றைக் கட்டினார்கள். அக்கா பச்சைத் துணி விரித்த மேசைக்கு அதைக் கொண்டுவந்து, விளக்கை இழுத்து, லென்ஸைப் போட்டாள்.

முகப்பு புதியது.

கடிகாரத்துக்கு வயசாகிவிட்டதே தவிர முகப்புக்கு ஆகவில்லை. இருட்டில் மினுங்கும் புள்ளிகள் வெள்ளை வெளேர் என்றிருந்தன. அத்தனை வருஷத்துக்கு அவை வெண்ணெய் நிறத்துக்குப் போயிருக்க வேண்டும். அந்த நிறத்துக்குத்தான் கூடத்தில் அடித்துக்கொள்வார்கள். முட்களும் புதுசு. எங்கே பிசகியது என்று அவளுக்கு உடனே தெரிந்துபோயிற்று. சர்வீஸுக்குப் போன கடிகாரத்தில் நிறம் மாறிய முகப்பையும் முள்ளையும் பார்த்தால், கேட்காமலேயே புதுசு மாட்டிக் கொடுத்துவிடுவது கம்பெனிக்காரர்களின் பழக்கம். பத்து வருஷத்துக்கு முன்பு அப்பா போனில் ஒருநாள், "வாட்ச்ச புத்தம் புதுசா ஆக்கிக் குடுத்துட்டாங்கம்மா" என்று சந்தோஷமாகச் சொன்னார். வேறு யாருடைய கடிகாரத்தையோ பார்த்துக்கொண்டிருந்த அக்கா "ம்" கொட்டினாள்.

விலை இப்போது பத்தில் ஒன்றுகூடத் தேறாது. நேற்று லென்ஸை எடுத்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். தம்பிக்குத் தெரியக்கூடாது என்று எடுக்காமல் இருந்ததில் அவளுக்கே தெரியாமல் போயிற்று. அக்காவுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலும் அப்பா மேல் வந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

கழற்றிய பழைய பாகங்களைக் கம்பெனி ஒரு சின்ன உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடும். அப்பா எதையும் தூக்கிப்போடாதவர். அந்த உறை எங்கே?

மூன்றாம் நாள் தம்பி போன் செய்தான்.

"அக்கா, இந்தப் புது வாட்ச் பெட்டிக்குள்ள மெத்த மாதிரி ஒண்ணு இருக்கில்ல? அதுக்கு அடியில ஒரு கவர் கெடந்துது. உள்ள பழைய முள்ளு, ஒரு கருப்புத் தகடு. உன் வாட்ச்சோடது போலத் தெரியுது. வேணுமா?"

அக்காவின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "தொடாத. விரல் படக்கூடாது. நானே வந்து வாங்கிக்கறேன்" என்றாள். கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டாள்.

"நீ எதுக்கு வர்ற? உங்க ஆபீஸ் பக்கத்துத் தெருவுலதான் இன்னிக்கு வேல. நானே தர்றேன்."

மத்தியானம் வேலைச் சட்டையோடு வந்து நின்றான். செருப்பை வெளியே விடலாமா என்று காவலாளியிடம் கேட்டுவிட்டு, வேண்டாம் என்றதும் தயங்கித் தயங்கி உள்ளே வந்தான். புதிய கடிகாரம் கையில் இருந்தது. அதற்குள் வாரில் எண்ணெய்க் கறை.

உறையைப் பிரித்து, முகப்பை இடுக்கியால் பச்சைத் துணியில் வைத்தாள் அக்கா. புள்ளிகள் எல்லாம் வெண்ணெய் நிறம். ஒரு கீறல் இல்லை. பத்து வருஷமாகப் பஞ்சு மெத்தையடியில் சொகுசாகத் தூங்கியிருக்கிறது.

"நல்லதா?" என்றான் தம்பி.

"ரொம்ப."

"அப்ப சரி." மேசையில் கிடந்த பழைய கடிகாரத்தை எடுத்துப் பார்க்கத் தம்பி கையை நீட்டினான். எடுத்தவன், யோசிக்காமல் கட்டைவிரலால் பொத்தானை அமுக்கினான். பெரிய முள் புறப்பட்டது. இன்னொரு தடவை அமுக்கினான், நின்றது. கீழ்ப் பொத்தானை அமுக்கினான். துள்ளிக்கொண்டு பன்னிரண்டுக்கு வந்து நின்றது.

அக்கா முள்ளைப் பார்க்கவில்லை. அவன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதிய மாடலில் பொத்தான்களைத் தண்ணீர் புகாமல் திருகிப் பூட்டியிருப்பார்கள். திருகைத் தளர்த்தினால்தான் அமுக்க முடியும். அதை ஞாயிற்றுக்கிழமை இவன் யாரும் சொல்லித்தராமலே செய்தான். அவள் கண் அப்போது பழையதன் மேலேயே இருந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"என்னக்கா?"

"அமுக்கினாத்தான் ஓடும்னு."

தம்பிக்கு வெட்கமாகிவிட்டது. "அப்பாகூடப் பந்தயத்துக்கெல்லாம் யாரு போனா? நாந்தானே. சின்ன வயசுல இதை எத்தன தடவ அமுக்கித் திட்டு வாங்கியிருக்கேன்" என்று சிரித்தான். "நீ அதைத் திருப்பிப் பாத்தப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். அப்பா ஞாபகமா வச்சுக்க நீ ஆசைப்படறன்னு புரிஞ்சுது. வாயத் திறந்து கேக்க மாட்ட. அதான் ரிப்பேர்னு சொன்னேன். கூச்சமில்லாம எடுத்துப்பன்னு."

தம்பி கடிகாரத்தைத் திரும்ப வைக்கப் போனவன், வாரில் தொங்கிய சீட்டைப் பார்த்தான்.

"இது என்னக்கா நம்பர்?"

உள்ளே வரும் எல்லாவற்றிலும் கட்டுவார்கள் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை. பொய்யில்லாத பதில்கள் அவளிடம் எப்போதும் கைவசம் இருந்தன. இந்தத் தடவை ஏனோ வாய் வரவில்லை.

"ஏலத்துக்கு. விக்கப் போறேன்" என்றாள். "இது சாதாரண வாட்ச் இல்ல. இந்தக் கவரும் சேர்ந்தா, நீயும் நானும் ஆளுக்கொரு வீடு வாங்கலாம். ஞாயித்துக்கெழமையே எனக்குத் தெரியும்."

தம்பி கையிலிருந்த கடிகாரத்தைத் துணியின் மேல் சத்தம் வராமல் வைத்தான். கோபம் மாதிரி எதுவும் அவன் முகத்தில் தெரியவில்லை. வேலைக்குப் போன வீட்டில் சுவரை உடைத்துப் பார்த்து, குழாய் இந்தப் பக்கம் இல்லை என்று தெரிந்துகொண்டவனைப்போல நின்றான்.

அக்கா இழுப்பறையைத் திறந்து பதிவுத் தாளை எடுத்தாள். உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயர் மட்டும் இருந்தது. "உன் பேரையும் எழுதறேன். சரிபாதி" என்றாள். அவன் வேண்டாம் என்பான், தான் வற்புறுத்த வேண்டியிருக்கும் என்று அவள் உள்ளுக்குள் தயாராகவும் இருந்தாள். அவனை அவளுக்குத் தெரியாதா.

"எழுதுக்கா" என்றான் தம்பி. "அன்னிக்குச் சொல்லியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். இப்ப எழுது."

அவள் எழுதினாள். இருவருக்கும் ஒரே இனிஷியல். எழுதி முடித்ததும் தம்பி மேசைமேல் கையூன்றிக் குனிந்து, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்த்தான். அக்கா செய்த எதையும் அவன் சரிபார்த்தது அதுதான் முதல் தடவை.